எதிர்வீட்டு அலறல்

தொண்ணூறுகளில் வந்த பேய்ப் படங்களில் பாதிக்கு அலறியது எங்கள் எதிர்வீட்டு மரகதவல்லிதான். திரையில் வாயைத் திறந்தவர்கள் நடிகைகள், சத்தம் இவளுடையது. அவர்கள் குடிவந்த முதல் வாரமே அலறல் கேட்டு மாடியே அவர்கள் வாசலுக்கு ஓடியது. கணவன் கஜேந்திரன் கதவைத் திறந்து சிரித்தான். “நாளைக்கு டப்பிங் சார். பிராக்டீஸ் பண்றா.” அவன் முதுகுக்குப் பின்னால் அவள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி தலையசைத்தாள். அதன்பிறகு யாரும் போகவில்லை. ஸ்டூடியோவிலிருந்து அவளைக் கூப்பிடுவது நின்று ஐந்து வருடமாகிறது, அதுவும் எங்களுக்குத் தெரியும். பிராக்டீஸ் மட்டும் நிற்கவில்லை. “இன்னிக்குப் பேய் கொஞ்சம் டல்லா இருக்கே” என்பார் மேல்வீட்டுச் சிகாமணி. நானும் சிரித்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவேன். நேற்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கதவிலிருந்த துவாரம் வழியாகப் பார்த்தேன். அவள்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. “அவரு சிகரெட் வாங்கப் போயிருக்காரு சார். நான் கத்தல, பாருங்க. மெதுவாத்தான் சொல்றேன். கதவைத் திறங்க.” அந்தக் குரலைக் கேட்டு நான் பயந்தது அப்போதுதான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது.