எண்ணெய் புகையட்டும்

“பிள்ளையைக் காணோம்னு தெருவே தேடுது. நீ அடுப்புல எண்ணெயைக் காய வைக்கிறியா?”

படியேறி ஓடிவந்த கணவருக்கு மூச்சு வாங்கியது. தொழிற்சாலை கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர். சாப்பாட்டு மணி அடித்து, வரிசை வாசல்வரை நின்றாலும் பதறாதவர். இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றார்.

மனைவி வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சுவர் முழுக்கக் கிறுக்கியதற்கு அவர் போட்ட சத்தத்தில், “நான் இனிமே இந்த வீட்டுல இல்ல” என்று சொன்னாள் ஐந்து வயது மகள் சுண்டு. “சரி, போ” என்றார் அவர். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

“டேய், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டேன். யாருமே பாக்கலையாம்டா” என்றபடி அவருடைய அக்கா உள்ளே வந்தாள். “வீட்டுக்குள்ள நல்லாப் பாத்தீங்களா?”

“கட்டிலுக்கடியில, பாத்ரூம்ல, எல்லா இடமும் பாத்தாச்சுக்கா. தொண்டை கிழியக் கூப்பிட்டும் பாத்தாச்சு. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“ஏங்க” என்றாள் மனைவி. “நீங்க முதல்ல தேடப் போனப்ப, வாசக்கதவுல உள்பக்கம் மேல் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா?”

“போட்டிருந்துச்சு. இப்ப அதுவா முக்கியம்?”

“இந்த இடிச்ச மிளகாயை எண்ணெய்ல எப்பப் போடணும்?”

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். ஆனால் இத்தனை வருடம் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தன்னால் பேசியது.

“எண்ணெய் புகையவே கூடாது. அடுப்பை அணைச்சுட்டுக் கொஞ்சம் ஆறவிடணும். ஒரு சிட்டிகை போட்டா, சுத்தி மெதுவா நுரைக்கும். அப்ப மீதியைக் கொட்டணும். காரமும் நிறமும் எண்ணெய்லதான் இறங்கும், தண்ணியில சரியா இறங்காது...” சட்டென்று நிறுத்தினார். “என்னை என்ன பேச வைக்கிற நீ?”

“புகையுற எண்ணெய்ல போட்டா?”

“கருகிடும். காரமெல்லாம் காத்துல ஏறிடும். மூஞ்சியில அடிக்கும். அத்தனையும் வீணு.”

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பில் தீயைக் கூட்டினாள்.

“தம்பி, பயத்துல இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுடா” என்று அக்கா கிசுகிசுத்தாள். “முதல்ல அடுப்பை அணை.”

அதற்குள் வாணலி விளிம்பில் நீலப் புகை கிளம்பிவிட்டது. அவள் ஈரத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒரு கரண்டி மிளகாயைக் கொட்டினாள். சுர்ரென்று கறுத்தது. உடனே அடுப்பை அணைத்துவிட்டு, துண்டை எடுத்து நெடியைக் கூடத்துப் பக்கம் விசிறினாள்.

அக்கா இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

“அறிவிருக்கா உனக்கு? குழந்தை எங்கே கிடக்குதோன்னு நான்...” பேச்சு இருமலில் முடிந்தது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயைப் பொத்துங்க” என்றாள் மனைவி, தன் இருமலை விழுங்கிக்கொண்டு.

வீடு அமைதியானது.

கூடத்தில் கம்பளி, போர்வை வைக்கும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு, போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கோபக் குரல்: “அம்மா, அப்பாவை ஒழுங்கா சமைக்கச் சொல்லு.”