பதினேழாவது வரிசை

"நேற்று செங்கல் பதினேழு வரிசை கட்டி முடித்தோம், மிஸ்டர் சுந்தரராஜன். இன்று எண்ணிப் பார்த்தால் பதினைந்துதான் இருக்கிறது!"

ஜெர்மனியிலிருந்து சேவை முகாமுக்கு வந்திருந்த லேனா, போனில் கிட்டத்தட்ட அழுதாள்.

முகாமை நடத்தும் சங்கத்தின் செயலாளர் சுந்தரராஜனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஹவுராவில் குழந்தைகள் விளையாட ஒரு மைதானம். அதற்கு ஒரு சுற்றுச்சுவர். பத்து நாட்டு வாலிபப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பறந்து வந்து மூன்று வருஷமாகக் கட்டுகிறார்கள். நெஞ்சுயரத்துக்கு மேல் வளரமாட்டேன் என்று அது அடம் பிடிக்கிறது.

முகாம் பொறுப்பாளர் வாஞ்சிநாதனைக் கேட்டால், முதல் வருஷம், "கங்கைக்கரை மண் ஸார், உள்வாங்கறது" என்றார். அடுத்த வருஷம் ரயில் அதிர்வு. இந்த வருஷம் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்காற்று.

சுந்தரராஜன் பாங்கில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தே ரிடையரானவர். போதாக்குறைக்கு, வாலிபத்தில் போலந்து முகாமுக்குப் போய்ப் பத்தே நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர். அந்தக் கூரை அவர் சொல்லச் சொல்ல ஒரு சாண் நீளும், அது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா என்று அவரே நாள் குறித்துவிட்டார். தன் பெயர் பொறித்த சலவைக்கல்லுக்கும் சொல்லியாகிவிட்டது. சுவர் அதற்குள் முடியாவிட்டால் வாஞ்சிநாதன் பொறுப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த ஞாயிறு பிள்ளைகள் எல்லாரும் விக்டோரியா மண்டபம் பார்க்கப் போயிருந்தார்கள். சுந்தரராஜன் சொல்லாமல் கொள்ளாமல் படகேறிக் கங்கையைத் தாண்டி வந்து இறங்கினார்.

"ஓய் வாஞ்சிநாதன்! கையும் களவுமா ஆப்டுண்டீரா?"

சுவரை இடித்துக்கொண்டிருந்த வாஞ்சிநாதன் கடப்பாரையைக் கீழே போடவில்லை.

"வாங்கோ ஸார். தள்ளி நில்லுங்கோ, காலில் விழப்போறது" என்று சொல்லி இன்னொரு செங்கல்லை நெம்பினார். வெண்ணெயில் கத்தி போலப் பெயர்ந்து வந்தது.

"கலவையில் சிமென்ட்டே காணோமே! செங்கல்லை யாருக்கய்யா விக்கறீர்?"

"விக்கலை ஸார். நாளைக்குக் குழந்தைகள் வந்து அதே இடத்தில் அடுக்கிடுவா."

"அடுப்பில் அண்டா கொதிக்கிறதே? பிள்ளைகள் சாயங்காலம்தானே வருவா. இத்தனை கிச்சடி எவனுக்கு?"

வாஞ்சிநாதன் கேட்டைப் பார்த்தார்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். துவைத்த சட்டை, தோளில் துண்டு. முகமது இஸ்மாயில். எதிரே இருக்கிற ஃபவுண்டரியில் முப்பது வருஷம் இரும்பை உருக்கி ஊற்றியவர். ஃபவுண்டரிக்குப் பூட்டுப் போட்டு நாலு வருஷமாகிறது.

"பாபு, இன்னிக்கு வேலை உண்டா?"

வாஞ்சிநாதன் வாயைத் திறப்பதற்குள் சுந்தரராஜன் ஹிந்தியில் முந்திக்கொண்டார்.

"வேலையெல்லாம் இனிமே கிடையாது, பெரியவரே. சுவர் முடியப்போகுது. பசியோட வந்திருப்பீங்க, உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. சும்மாதான்."

கிச்சடி வாசனை மைதானம் முழுக்க நின்றது. இஸ்மாயில் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை பாபு. வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

சலாம் வைத்தார். திரும்பி நடந்தார்.

"பொய் ஸார்" என்றார் வாஞ்சிநாதன், மெதுவாக. "நேத்து மத்தியானம் இங்கே சாப்பிட்டதுதான்."

"பின்னே நான் போடறேன்னு சொன்னேனே?"

"நீங்க போட்டா அது பிச்சை ஸார். முகாமில் யார் வேலை செஞ்சாலும் அவாளுக்கும் சாப்பாடு உண்டுன்னு நம்ம விதி இருக்கே, அதுதான் அவருக்குக் கணக்கு. பத்து செங்கல் தூக்கி வச்சாத்தான் இலையில் கை வைப்பார். அதுக்குத்தான் ராத்திரி இடிக்கறதோட ஞாயித்துக்கிழமையும் நான் இடிச்சு வைக்கறேன். சுவர் முடிஞ்சா முகாம் கிடையாது. முகாம் இல்லேன்னா..."

"ஒரு மனுஷனுக்காகவா மூணு வருஷம்?"

வாஞ்சிநாதன் கடப்பாரையால் சுவருக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

சுந்தரராஜன் எட்டிப் பார்த்தார். சுவரின் நிழலில் பதினெட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எல்லார் சட்டையும் துவைத்த சட்டை. எல்லார் தோளிலும் துண்டு. இஸ்மாயில் அவர்களிடம் வந்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர்கூட அடுப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சுந்தரராஜன் வாஞ்சிநாதன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார்.

கேட்டை ஒட்டி, தன் பெயர்க் கல்லைப் பதிக்கவென்று ஒரு பகுதியை மட்டும் நல்ல சிமென்ட் போட்டுக் கட்டச் சொல்லியிருந்தார். நேரே அங்கே போய் நின்று ஓங்கிப் போட்டார். முதல் போட்டுக்குக் கை அதிர்ந்தது. நாலாவது போட்டுக்குச் சுவர் சரிந்தது.

"இஸ்மாயில் பாய்!" மூச்சு இரைக்க, தன் பாங்க் ஹிந்தியில் கத்தினார். "எல்லாருமா எங்கே கிளம்பிட்டீங்க? இங்கே ஒரு மடையன் நல்ல சுவரை இடிச்சுத் தள்ளியிருக்கான், எடுத்து அடுக்க ஆள் வேண்டாமா?"