துரைக்கு இடுப்பு வலி

“காலு ஒடைஞ்சா தெரியும், கையி ஒடைஞ்சா தெரியும். யாரு கண்ணுக்கும் தெரியாம அது இன்னாடி ஒரு வலி?”

மாமியார் கலியம்மாள் வாசலில் நின்று கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்கே மருமகள் தனக்கொடியின் மூச்சு முழுவதும் செலவாகிவிட்டது.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த வலி. இடுப்பில் பிடித்துத் தொடை வழியாக இறங்கும். வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அது போதாதா? கரிக்கலாம்பாக்கம் ஊர் முழுக்க அவளுக்கு வேலைக்கள்ளி என்று பெயர் வந்துவிட்டது. நடவுக்குப் போனால், மற்றப் பெண்கள் அவளைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து காட்டிச் சிரித்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் உட்கார உயரமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டாள். அதோடு அவளை விசேஷங்களுக்கு அழைப்பதே நின்றுபோனது.

புருஷன் தங்கவேல் நல்லவன்தான். ஆனால் அம்மா வாயைத் திறந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். அவனுக்குப் பூரணாங்குப்பத்தில் இரண்டாவதாகப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்ற பேச்சும் தனக்கொடியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வலியோடு பயமும் சேர்ந்துகொண்டது.

கடைசியில், இது பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று கலியம்மாள் முடிவு கட்டினாள். பூசாரி பச்சையப்பனை அழைத்து வந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது.

பூசாரி வேப்பிலையால் அடிக்கவில்லை. மிரட்டவும் இல்லை. எங்கே வலிக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று மெதுவாக விசாரித்தார். இத்தனை நாளில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. தனக்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்தால் உயிர் போகிறது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, வெந்நீர் ஊற்றினால் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று சொன்னாள்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இது நம்மூரு பேய் இல்லப்பா. வெள்ளக்காரத் தொரை. தரையில ஒக்கார மாட்டான், சேத்துல குனிய மாட்டான், வெந்நீர் இல்லாம குளிக்க மாட்டான். பகைச்சிக்காதீங்க.”

கூட்டம் சத்தமில்லாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

அன்று சாயங்காலமே நாற்காலி வந்துவிட்டது. வரப்பில் நடந்து காட்டிச் சிரித்தவர்களே முறைபோட்டு வெந்நீர் காய்ச்சி எடுத்து வந்தார்கள். தெருவில் அவளைக் கண்டால் ஆண்கள் தோள் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணங்களுக்கு முதல் அழைப்பு அவளுக்குத்தான். தங்கவேல் நாற்காலியைத் தலையில் சுமந்தபடி பின்னால் போனான். பெண்டாட்டியை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடவும் பழகிக்கொண்டான்.

பிரெஞ்சு சர்க்காரில் ஊர்த் தலைவரான கொம்யூன் மேர் சண்முகசுந்தரம்கூட மரியாதை செலுத்த வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு, “போன்ழூர் முசியே” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். தனக்கொடி திருதிருவென்று விழித்தாள். பூசாரி முந்திக்கொண்டு, துரை செத்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது, பேசப் பழக ஆளில்லாமல் பாஷை மறந்துவிட்டது என்று விளக்கினார். மேர் தம் வருத்தத்தைத் தெரிவித்துவிட்டுப் போனார்.

பூரணாங்குப்பத்திலிருந்தும் சேதி வந்தது. துரைக்குச் சக்களத்தியாகப் பெண் கொடுக்கும் அளவுக்குத் தங்களுக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வலி போய்விடவில்லை. ஆனால் குனியாமல், ஏச்சுக் கேட்காமல் இருந்ததில் தாங்கிக்கொள்ளும்படி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தனக்கொடி காய் நறுக்கினாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். துரையே கத்தரிக்காய் நறுக்குகிறார் என்று ஊர் வாயைப் பிளந்தது. தான் சொன்னபோது பொய்யாக இருந்த வலி, செத்துப்போன ஒருவன் சொன்னதும் மெய்யாகிவிட்டதை நினைத்து அவள் சில நேரம் சிரித்தாள். சில நேரம் அழுதாள்.

கலியம்மாள் மட்டும் சமாதானம் ஆகவில்லை. நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தாள். வெந்நீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தாள். ஒருநாள் காலை, மகனையும் பேரப்பிள்ளைகளையும் கழனிக்கு அனுப்பிவிட்டு, பூசாரியைக் கையோடு அழைத்து வந்து கதவைச் சாத்தினாள்.

குட்டு உடைந்துவிட்டது. துரை போவான், நாற்காலி போகும், அப்புறம் தன்னையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தபடி தனக்கொடி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மறைக்காம சொல்லு பச்சையப்பா,” என்றாள் கலியம்மாள். “இந்தத் தொரைக்குப் பொண்டாட்டி இருந்தாளா?”

எதற்காகக் கேட்கிறாய் என்றார் பூசாரி.

கலியம்மாள் ஒருதரம் மருமகளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இருந்தா அவள என் மேல ஏறச் சொல்லு. தங்கவேலு பொறந்ததுலேருந்து எனக்கும் அதே எடத்துலதான் வலி.”