ஹேண்ட் பிரேக் மேடம்

“கிறிஸ்துமஸ் ஆச்சே மேடம், இன்னிக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கூட்டிக் குடுங்களேன்.”

“முடியாதும்மா. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல.”

சொல்லிவிட்டு அதிகாரி தன் நீளமான கறுப்புக் கோட்டைக் கழற்றி மூலையிலிருந்த ஸ்டாண்டில் மாட்டினாள். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

நேரம் கேட்ட பாட்டி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் மனசுக்குள் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். இந்த அதிகாரிக்கு முதல் நாளே வைத்தாயிற்று, ஹேண்ட் பிரேக் என்று.

மகள் இறந்த பிறகு பேத்தியும் பேரனும் பாட்டியிடம்தான் வளர்ந்தார்கள். ஒருநாள் விடிகாலையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வரவில்லை. வண்டியை எடுத்தாக வேண்டும். தூங்குகிறவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். சின்னவன் எழுந்து கதவைத் திறந்து தெருவுக்கே போய்விட்டான்.

குழந்தைகள் நலத் துறையிலிருந்து வந்து கேட்டபோது, பக்கத்துக் கடைக்குத்தான் போயிருந்தேன் என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தாள். அந்தப் பொய்தான் காரியத்தைக் கெடுத்தது. பிள்ளைகள் இப்போது வேறொரு வீட்டில், வளர்ப்பு அம்மாவிடம். பாட்டி அவர்களை இந்த அறையில், அதிகாரி முன்னால்தான் பார்க்கலாம். பாட்டி பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டாள். விடுமுறை முடிந்ததும், அவர்களைத் திருப்பி அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதில் ஹேண்ட் பிரேக் என்ன சொல்கிறாளோ அதுதான் எடுபடும்.

உள் கதவு திறந்தது. பேத்தி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடும் பேரன் ஓடிவந்த வேகத்தில் வயிற்றில் முட்ட, பாட்டி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். அழுதுவிடுவோமோ என்று பயந்துகொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை.

குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பேருந்து ஆக்கினார்கள். காகிதக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஜன்னல் சீட்டு. பாட்டி ஓட்டினாள், பேத்தி டிக்கெட் கொடுத்தாள். டிக்கெட் வாங்க மாட்டேன் என்று தகராறு செய்த பட்டாணி நடுவழியில் இறக்கிவிடப்பட்டான். பேத்தி அதிகாரியையும் விடவில்லை. எங்கே போகணும் என்று போய் நின்றாள்.

“கடைசி ஸ்டாப்,” என்றாள் அதிகாரி, சிரிக்காமல்.

அடுத்து கண்ணாமூச்சி. பாட்டி கண்ணை மூடினாள். பேத்தி ஒளிந்த இடத்திலிருந்தே சிரித்து மாட்டிக்கொண்டாள். பட்டாணியைத் தேடத் தொடங்கும்போது அதிகாரி எழுந்து நின்றாள்.

“நேரமாச்சும்மா.”

இரண்டு பிள்ளைகளையும் கைப்பிடித்துக் கூட்டிப்போய், வாசலில் காரோடு காத்திருக்கும் வளர்ப்பு அம்மாவிடம் ஒப்படைத்தால்தான் சந்திப்பு முடிந்ததாகக் கணக்கு. அதிகாரியின் ஒரு கைக்குப் பேத்தி கிடைத்தாள். இன்னொரு கை காலியாக இருந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது, வெளியே வா என்று பாட்டி கூப்பிட்டுப் பார்த்தாள். மூச்சு இல்லை. ஆட்டத்தில் தோற்பதற்குப் பதில் அவன் சாப்பாட்டையே விட்டுவிடுவான்.

அதிகாரி வாசலில் இருந்த வளர்ப்பு அம்மாவுக்குப் போன் செய்தாள். “ஒரு குழந்தை இன்னும் கிடைக்கல. காத்திருங்க.”

அன்றைக்கும் சின்னவனைத் தெருவில் பார்த்த யாரோ இப்படிப் போன் செய்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இதையும் இவள் மேலே சொன்னால் எல்லாம் போச்சு.

தேடினார்கள். சோபாவுக்கு அடியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையை விட்டு முட்டிக்கொண்டார்கள். பேத்தி தரையில் உருண்டு சிரித்தாள். சரியாகத் தெரியவில்லை என்று அதிகாரி ஸ்டாண்டுக்குப் போய், கோட்டுப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் பொம்மை கெட்டிலின் மூடியைத் திறந்து, உள்ளே உற்றுப் பார்த்தாள்.

கண்ணாடி போட்டபின்தான் இவளுக்குப் பார்வை மோசமாகிறது என்று பாட்டி நினைத்தாள். நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், கோட்டுக்குக் கீழே இரண்டு சிவப்புக் காலுறைகள்.

பேத்தியும் அங்கேதான் பார்த்தாள். “சொல்லாதீங்க பாட்டி,” என்று காதுக்குள் வந்து ஊதினாள்.

பாட்டி சொல்லவில்லை. திரைச்சீலையை உதறினாள். பொம்மை அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பட்டாணி என்று கூப்பிட்டு, மறுபடி மூடினாள். பேத்தி பின்னாலேயே வந்து அவற்றைத் திறந்துவிட்டாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இத்தனை நாளில் இப்படிச் சிரிக்கவே இல்லை.

ஆனால் சிரிப்புக்கு நடுவே பாட்டிக்கு ஒன்று உறைத்தது. பிள்ளை எங்கே என்று கேட்கிற ஆளிடம் மறுபடியும் பொய். வாயைத் திறக்காமல் சொன்னாலும் பொய் பொய்தானே.

சொன்னால் இந்த நிமிடமே பிள்ளைகள் போய்விடுவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் வரவே மாட்டார்கள். அதையெல்லாம்விட, இந்தத் தடவை உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சோபாவுக்கு அடியில் மறுபடியும் தலையை விட்டிருந்த அதிகாரியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“மேடம், அவன் உங்க கோட்டுக்குள்ள இருக்கான். நான் அப்பவே பாத்துட்டேன். சொல்லாம இருந்தது என் தப்பு.”

அதிகாரி தலையை வெளியே எடுக்கவில்லை.

“தெரியும்மா. கண்ணாடி எடுக்கப் போனப்பவே விரலைக் கடிச்சிட்டான். பேசாம தேடுங்க.”