எங்க பக்கம் எல்லாரும் நேர்

பின்னல் போடும்போதுதான் பிரதிபா கவனித்தாள். மகள் நிலாவின் ஒரு பக்கத் தோள்பட்டை மட்டும் புடைத்திருந்தது. மறுநாளே கணவன் மாதவையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டரம்மா நிலாவைக் குனியச் சொல்லிப் பார்த்தார். "முதுகெலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்க. மேல வளையாம பெல்ட் போட்டுப் பாத்துக்கலாம். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க பக்கம் எல்லாரும் நேர், டாக்டரே. இவர் பக்கந்தான்..." என்றபடி, நழுவிய ரவிக்கைத் தோளை இழுத்துவிட்டுக்கொண்டாள். விஜயநகரில் அவள் சண்டை போடாத டெய்லரே இல்லை. ஒருத்தனுக்கும் ஒழுங்காகத் தைக்கத் தெரியாது.

டாக்டரம்மா அந்தத் தோளையே பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் குனியுங்க."

குனிந்தாள்.

"உங்களுக்கும் இருக்கும்மா. லேசாத்தான், பயப்படாதீங்க."

விஜயநகர் வந்ததும் மாதவ் காரின் வேகத்தைக் குறைத்தான்.

"மன்னிப்புக் கேக்கணுமே, எந்த டெய்லர்கிட்ட ஆரம்பிக்கலாம்?"