ஒசாகா எவ்வளவு தூரம்?

"ஒசாகாவா? நடக்கவே நடக்காது! ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்! பெத்த பொண்ணைக் கடல் தாண்டிக் கட்டிக் குடுத்துட்டு, நான் இங்க வானத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா?"

பால்கனியில் ஸ்டூல் மேல் நின்றபடி கத்தினார் யுவான்ஷெங். கை தன் பாட்டுக்கு எட்டுமூலைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. வருகிற கெடுதலைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடி அது. அதை அவர் எதிர்வீட்டு லியாவின் வாசலுக்கு நேராக மாட்டி ஏழு வருஷமாகிறது. லியாவ் மட்டும் சும்மா இருப்பாரா? மறுநாளே அதைவிடப் பெரிதாக ஒன்றை இவர் வீட்டைப் பார்த்து மாட்டிவிட்டார். தைபேயில் அந்தத் தெருவுக்கே அது ஒரு வேடிக்கை.

"அப்பா, முதல்ல கீழ இறங்குங்க. அவரைப் பத்தி..." என்றாள் பெய்ஷான்.

"அவன் எவனா வேணா இருந்துட்டுப் போகட்டும். நீ பார்த்த பையன் சோடை போகமாட்டான். எனக்குத் தூரம் ஒண்ணுதான் குறை. புத்தாண்டு ரெண்டாம் நாள் ஊர்ல எல்லார் வீட்லயும் பொண்ணும் மாப்பிள்ளையும் மத்தியான சாப்பாட்டுக்கு வந்திருப்பாங்க. என் வீட்ல மட்டும் மீன் ஆறிப்போய்க் கிடக்கும்!" சொல்லிக்கொண்டே இறங்கி, ஸ்டூலோடு உள்ளே வந்தார்.

பெய்ஷான் போனை நீட்டினாள். "ஃபிளைட் நேரத்தை நீங்களே பாருங்க."

யுவான்ஷெங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "போறது, எட்டு இருபதுக்கு ஏறினா பன்னண்டு. வர்றது, ஒம்பதுக்கு ஏறினா பதினொண்ணு பத்து. அதெப்படி? போக மூணு மணி நாப்பது நிமிஷம், வர ரெண்டு மணி பத்து நிமிஷம்தானா?"

ஒசாகாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி என்று சொல்ல வாயைத் திறந்த பெய்ஷானை, அம்மா லிஹுவா நறுக்கென்று கிள்ளினாள்.

"பொறந்த வீட்டுக்கு வரும்போது எந்த வண்டியும் வேகமாத்தாங்க வரும்!"

"அட, ஆமாம்ல! காவோசியுங்லேருந்து என் தங்கச்சி பஸ்ல வர அஞ்சு மணி நேரம் ஆகுது. ஒசாகா அதைவிடக் கிட்ட!" யுவான்ஷெங் குஷியாகிவிட்டார்.

"அப்புறமென்ன, முன்னோர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்று மூன்று ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்தாள் லிஹுவா.

அவர் பீடத்தின் முன் நின்று மூன்று முறை குனிந்தார். "பெரியவங்களே, எம்பொண்ணு மனசுக்குப் பிடிச்சவனுக்கே அவளைக் குடுக்கிறேன். இது என் வாக்கு." முன்னோரிடம் சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் யாரும் அதை இதுவரை மாற்றியதில்லை.

ஊதுபத்தியைச் செருகிவிட்டுத் திரும்பினார். "ஆமா, மாப்பிள்ளை ரெண்டாம் நாள் சரியா பன்னண்டுக்கு வந்துடுவானா?"

"அதுக்கு முன்னாடியே வந்துடுவார்ப்பா. ஒசாகா வேலை இந்த மாசத்தோட முடியுது, அப்புறம் இங்க தெருவைத் தாண்டி வர அரை நிமிஷம்தான்," என்றபடி பெய்ஷான் அதே ஸ்டூலைத் திரும்பப் பால்கனியில் போட்டாள். "அந்தக் கண்ணாடியை மட்டும் கழட்டிடுங்க. உங்க சம்பந்தி லியாவுக்குக் கண்ணு கூசுதாம்!"