மீனுக்குக் கீழே குறி

“மீன் தெரியுற இடத்துல மீன் இல்ல சார். ஒரு முழம் கீழ குறி வைங்க,” என்றான் படகோட்டி டொய்ல்.

வெண்டல் மீன் தெரிந்த இடத்திலேயே அம்பை விட்டார்.

கெண்டை வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது. அம்பின் வாலில் கட்டியிருந்த கயிற்றை அவர் சுற்றி இழுத்தார். முனையில் ஒரு கொத்துப் பாசி வந்தது.

“தெரியும் கேப்டன். தண்ணிக்குள்ள வெளிச்சம் வளையும். வீடியோல பாத்திருக்கேன்.”

குளிர்காலம் முழுக்க அவர் பார்த்தது அதைத்தான். வில், கயிற்றுச் சுருள், கண்கூசாத கண்ணாடி, மீன் படம் போட்ட சட்டை எல்லாம் பியோரியா நகரத்தில் வாங்கியாகிவிட்டது. மிச்சமிருந்தது மீனை அடிப்பது மட்டும்தான்.

மே மாதம். இல்லினாய் ஆறு கரை தாண்டிப் புல்வெளிக்குள் ஏறியிருந்தது. முட்டையிட வந்த கெண்டைகள் முழங்கால் ஆழத்தில் முதுகு தெரியப் புரண்டுகொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு விட்டாலும் ஒன்றிலாவது படும் என்று டொய்ல் புதிதாக வருபவர்களிடம் சொல்வது வழக்கம்.

இன்று அதைச் சொல்லவில்லை.

அவன் பின்னால் நின்று நீளக் கழியால் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். முன்மேடையில் வெண்டல். நடுவில், ஐஸ் பெட்டியின் மேல், அவர் மனைவி லோரீன். மடியில் டொய்ல் கொடுத்த வில். ஏறும்போது “குட்மார்னிங்” சொன்னவள்தான், அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டல் மீனைத் தேடும்போதெல்லாம் அவள் படகோட்டியைப் பார்த்தாள். அவன் கண்களை, கைகளை, ஒருமுறை அவன் சட்டைப் பையை.

“இங்க வந்ததே இவளாலதான் கேப்டன். நான் வேற படகு பாத்து வச்சிருந்தேன். இல்ல, இந்த ஆள்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா.”

“நல்லா சொல்லிக் குடுப்பார்னு கேள்விப்பட்டேன்,” என்றாள் லோரீன், தண்ணீரைப் பார்த்து.

வெண்டல் மறுபடி அடித்தார். மறுபடி பாசி.

“படகை ஆட்டாதீங்க கேப்டன்!”

“படகு ஆடல சார். நீங்கதான் ஆடுறீங்க.”

வெண்டல் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர். அடுத்த அம்பைப் பொருத்திக்கொண்டே சொன்னார்: “சீக்கிரம் கத்துக்கணும். ஜூன்ல இவ பொண்ணு டெஸ்ஸாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் இந்த வில்லுப் பைத்தியம். அப்பா இடத்துல நின்னு பொண்ணைக் கையப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போகப் போறது நான். அவங்க முன்னாடி மானம் போகக் கூடாதில்ல?”

டொய்லின் கழி நழுவியது.

தண்ணீருக்குள் கிடந்த மரக்கட்டையில் படகு இடித்தது. வெண்டல் வில்லும் கையுமாகத் தண்ணீரில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் இருந்த கெண்டைகள் அவர்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டு ஓடின.

டொய்ல் குதித்து அவரைத் தூக்கிவிட்டான். “மன்னிச்சுக்கோங்க சார்.” பிறகு, அவர் தோளிலிருந்த புல்லை எடுத்தபடி கேட்டான்: “பொண்ணுக்கு அப்பா இல்லையா?”

“இருக்கானாம். பெருங்குடிகாரன். கல்யாணத்துக்குக் கூப்பிடறதா வேண்டாமான்னு அந்தப் பொண்ணு இன்னும் யோசிச்சுட்டு இருக்கா.” வெண்டல் கண்ணாடியைத் துடைத்தார். “எப்படிப்பட்ட ஆளு பாருங்க.”

டொய்ல் கழியைத் தேடி எடுத்தான்.

“நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கறேன்,” என்றாள் லோரீன்.

மேடையில் ஏறி நின்றாள். ஒரு பெரிய கெண்டை புல்லை விலக்கிக்கொண்டு வந்தது. அவள் அதைவிட நன்றாகக் கீழே, வெறும் தண்ணீரைக் குறிபார்த்து விட்டாள்.

கயிறு விறைத்தது.

“அடிச்சுட்டா! அடிச்சுட்டா!” வெண்டல் நனைந்த கோழிபோலக் குதித்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பீர் கேனை டொய்லின் கையில் திணித்தார். “குடிங்க கேப்டன்! என் பொண்டாட்டியோட முதல் மீன்!”

மீன் படகையே சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. லோரீன் மீனைப் பார்க்கவில்லை; டொய்லின் கையைப் பார்த்தாள்.

கேன் சில்லென்று இருந்தது. டொய்ல் அதை எவ்வளவு நேரம் பிடித்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது.

“நான் விட்டுட்டேன் சார்,” என்று திருப்பிக் கொடுத்தான். “வெறும் தண்ணி இருந்தா குடுங்க.”

அதன் பிறகுதான் அவள் மீனின் பக்கம் திரும்பிக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள்.

துறைக்கு வந்ததும் வெண்டல் காரை எடுத்துவரப் போனார். ஒவ்வொரு அடிக்கும் அவர் காலணிக்குள் தண்ணீர் சத்தம் போட்டது.

லோரீன் கையுறையைக் கழற்றினாள்.

“நம்ம டெஸ்ஸாதான் உன்னை ஒரு நாள் முழுக்கப் பாத்துட்டு வரச் சொன்னா. முன்கூட்டியே சொல்லக் கூடாதுன்னா.”

டொய்ல் சுற்றி முடித்த கயிற்றையே மறுபடி சுற்றினான்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன். கல்யாணத்துக்கு ஒரு கோட்டு சூட்டு எடுத்துக்கோ.”

அவன் தலையை ஆட்டினான்.

மேட்டிலிருந்து கார் ஹாரன் கேட்டது. அவள் நாலடி நடந்து திரும்பினாள்.

“நீலம் வேண்டாம். அவர் நீலம் போடறார்.”